எமிலியானுஸ் ஏத்தின கொடி

எங்கட மனுசனுக்கு உலகத்திலை ரெண்டே ரெண்டு விசயத்திலைதான் பெருமை. ஒண்டு, ஒரு மண்டபத்துக்குள்ளை கால் வைச்ச உடனை அதுக்குள்ளை எத்தினை கதிரை கொள்ளும் எண்டு சொல்லிப்போடுவார். மற்றது, பங்குத் திருநாள் கொடி அவற்றை பொறுப்பிலை இருக்குது. என்னைக் கட்டினதும் பெருமைதான் எண்டு சொல்லுவார், ஆனா அதை நான் கேட்டால்தான் சொல்லுவார்.

மன்னார்க் கரையிலை பேசாலையிலை பிறந்து எமிலியானுஸ் எண்டு ஞானஸ்நானம் வாங்கினவர். மொன்றியலுக்கு வந்து முதலிலை ஒரு கிரேக்கன்ரை கடையிலை கோப்பை கழுவினார். பேந்து சென்ட் லோரன்டிலை பெட்டி ஒட்டுற ஃபக்டரி. அதுக்குப் பிறகுதான் எங்கட கோட்-டெ-நெய்ஜிலை இருக்கிற பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்திலை வேலை கிடைச்சது. மண்டபத்துக்கு மேசை கதிரை அடுக்குற வேலை. ஆராவது என்ன வேலை எண்டு கேட்டா "கம்பஸிலை" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வேறை கதைக்குப் போயிடுவார். ஊரிலை இருந்து ஒரு மனுசி தன்ரை மகனுக்கு டொக்டர் படிப்புக்கு இடம் எடுத்துத் தரச் சொல்லி போன் எடுத்து அழுதவ. நான் தான் ரிசீவரை வாங்கி உண்மையைச் சொன்னனான்.

கலியாண வீட்டுக்குப் போனாலும் சும்மா இருக்கமாட்டார். கதிரையின்ரை காலை ஆட்டிப் பார்த்துப்போட்டுத்தான் குந்துவார். மாப்பிள்ளை பொம்பிளை வர முதல் ரெண்டு வரிசையைத் திருப்பி அடுக்காட்டி அவருக்குச் சாப்பாடு செமிக்காது.

இனி கொடியைப் பற்றிச் சொல்லோணும். எங்கட ஆக்களுக்குக் கொடி ஏறினால்தான் திருநாள் தொடங்கும். மரம் நட்டு, பூவை உள்ளுக்கு வைச்சுச் சுருட்டின கொடியைக் கயித்திலை ஏத்தி, உச்சிக்குப் போனவுடனை ஒரு இழுவை இழுத்தா கொடி விரியும், பூ எல்லார்ரை தலையிலையும் கொட்டும். அதுக்குப் பிறகு மழை வந்தாலும் புயல் வந்தாலும் கடைசிநாள் பூசை முடியும் மட்டும் ஒருத்தரும் அதை இறக்கக்கூடாது. இறக்கினா திருநாள் குழம்பினதாத்தான் சனம் எடுக்கும்.

எங்கட தமிழ்ப் பங்குக்கு ஒரு கொடி இருந்தது. நீலப் பருத்தித் துணி, நடுவிலை மாதா, மாதாவின்ரை தலையைச் சுத்திப் பன்னிரண்டு நட்சத்திரம். குளிர்காலம் முழுக்க அது எங்கட வீட்டு அலுமாரியிலைதான் கிடக்கும். இது திருநாள் சபைச் செயலாளர் தேவதாசன் மாஸ்டருக்குப் பிடிக்கேல்லை. மாஸ்டர் யாழ்ப்பாணத்திலை ஐஞ்சாம் வகுப்புப் படிப்பிச்சவர். இஞ்சை மருந்துக் குளிசை அடைக்கிற இடத்திலை வேலை செய்தாலும் நாங்கள் எல்லாரும் இன்னும் அவற்றை ஐஞ்சாம் வகுப்பிலைதான் இருக்கிறம். கோயில் சாமானைத் தனியாள் வீட்டிலை வைக்கப்படாது, ஒருநாளைக்குப் பழுதாப் போகும் எண்டு கூட்டத்திலை எழும்பிச் சொன்னார். கையைத் தூக்கச் சொல்லிக் கேட்ட இடத்திலை எங்கட மனுசன் ஒருமாதிரி வெண்டிட்டார். அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய, "கொடி கவனமோ?" எண்டு மாஸ்டர் கேக்கிறதும், இவர் நெஞ்சை நிமித்தி ஓம் எண்டு சொல்லுறதும் வழக்கமாப் போச்சு.

அந்தக் காலத்திலைதான் கம்பஸிலை ஒரு புது நிலையம் துவங்கிச்சினம். மலைக்கு இஞ்சாலை இருக்கிற பிரெஞ்சுப் பல்கலைக்கழகமும் மலைக்கு அங்காலை இருக்கிற இங்கிலிஷ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யிற அலுவல். ஐரோப்பாவிலை நாடுகள் எல்லாம் சண்டையை விட்டுப்போட்டு ஏன் ஒண்டாச் சேருதுகள், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவையும் இந்தப் பக்கம் இருக்கிறவையும் எப்பிடி ஒத்துப்போறது எண்டதை இஞ்சத்தைய சனத்துக்கு விளங்கப்படுத்துறதுதான் நோக்கம். இஞ்சாலைக்குப் பொறுப்பு மடாம் செலீன். அங்காலைக்குப் பேராசிரியர் கிறகரி. நல்ல படிச்ச ஆக்கள், குணத்திலும் பிழை சொல்லேலாது. ஆனா கடலுக்கு அங்காலை இருக்கிறவையை விளங்கப்படுத்த வந்த ரெண்டு பேருக்கும் மலைக்கு அங்காலை இருக்கிற ஆளை விளங்கேல்லை.

முதல் கூட்டத்துக்கு மடாம் மேசையை வட்டமாப் போடச் சொன்னவ. வட்டத்திலைதான் எல்லாரும் சமனாம். கிறகரி வந்து பார்த்துப்போட்டு, வட்டத்திலை ஆர் தலைவர் எண்டு தெரியாது, லாடம் மாதிரிப் போடச் சொன்னார். லாடம் போட்டா, வாசல் பக்கம் ஆர் இருக்கிறது எண்டு பிரச்சினை. அண்டைக்கு மனுசன் நாரி பிடிச்சு, முதுகை நிமித்தேலாமல் வந்து விழுந்தார். நாடுகள் ஒண்டாச் சேர்ந்தது அற்புதம்தான் சிசிலி, ரெண்டு மேசை சேருறதே இந்தப் பாடு எண்டார்.

ஆனா அண்டைக்கு இன்னொரு புதினமும் கொண்டு வந்தவர். அந்த நிலையத்துக்கு ஒரு கொடி வந்திருக்காம். பெட்டியை உடைச்சு விரிச்சுப் பார்த்தா நீலத் துணி, அதிலை வட்டமாப் பன்னிரண்டு பொன் நட்சத்திரம். மனுசன் கையைத் துடைச்சுப்போட்டுக் கும்பிட்டிருக்கிறார். மாதாவின்ரை முடி, மாதாவின்ரை நிறம், கம்பஸிலை மரியாயின் சபை ஒண்டு துவங்கியிருக்கினம் எண்டு ஒரே சந்தோசம். எனக்கும் பிழையாத் தெரியேல்லை. இந்த ஊரிலை ரோட்டுக்கெல்லாம் அர்ச்சியசிட்டவையின்ரை, அதுதான் புனிதர்மாரின்ரை, பேர்தானே. கூட்டம் துவங்க ஒரு பாட்டுப் போட, எல்லாரும் எழும்பி நிண்டவையாம். சமாதானத்தைப் பற்றிக் கதைச்சவையாம். முடிய அப்பமும் வைனும் குடுத்தவையாம். இதுக்கு மேலை என்ன அத்தாட்சி வேணும்?

எங்கட மகள் றொஷினிதான் விழுந்து விழுந்து சிரிச்சாள். அது ஐரோப்பாவின்ரை கொடி எண்டு பிரெஞ்சிலையும் தமிழிலையும் மாத்தி மாத்திச் சொன்னாள். அவர் மசியேல்லை. ஐரோப்பாவின்ரை கொடியா இருந்தா இருந்திட்டுப் போகட்டும், நட்சத்திரம் பன்னிரண்டும் ஆற்றை எண்டார். அதுக்குப் பிறகு அந்த மண்டபத்துக்குள்ளை தொப்பி போட்டுக்கொண்டு போகமாட்டார். கொடியிலை தூசி இருந்தா தன்ரை லேஞ்சியாலை துடைப்பார். முதல் வருசம் மே மாதம், மாதா வணக்க மாதம், கம்புக்குக் கீழை ஒரு பூங்கொத்து வைச்சிருக்கிறார். அதை மடாம் கிறகரி வைச்சதெண்டும், கிறகரி மடாம் வைச்சதெண்டும் நினைச்சு ரெண்டு பேரும் ஒரு கிழமை நல்ல மாதிரிக் கதைச்சவையாம்.

இனித்தான் வினை. ரெண்டாயிரத்து நாலாம் ஆண்டு. ஐரோப்பாக் கூட்டிலை பத்து நாடுகள் புதுசாச் சேர்ந்ததுக்கு அந்த நிலையம் மே மாதம் ஒன்பதாம் திகதி பின்னேரம் பெரிய விழா வைச்சது. பிரசல்ஸிலை இருந்து ஒரு பெரியவர் வாறார், ரெண்டு பல்கலைக்கழகமும் இன்னும் கொஞ்சக் காலம் சேர்ந்து வேலை செய்யிறதுக்கு அவருக்கு முன்னாலை கையெழுத்து வைக்கவேணும். அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு காலமை பூசை முடியத்தான் எங்கட திருநாள் கொடியேத்தமும்.

வெள்ளிக்கிழமை மனுசன் அலுமாரியிலை இருந்து கொடியை எடுத்தார். மாதாவின்ரை காலடியிலை ஒரு சின்னப் பூஞ்சணம். அதைப் பார்த்தா மாஸ்டர் என்ன சொல்லுவார் எண்ட பயத்திலை, என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல், கீழை உடுப்புத் தோய்க்கிற அறைக்குக் கொண்டுபோய் மெசினுக்குள்ளை போட்டு, அரைப் போத்தில் ஜாவெல் விட்டிருக்கிறார். வெள்ளை உடுப்பிலை கறை போறதுக்கு விடுற ஜாவெல். நான் வேலையாலை வர, குசினி மேசையிலை ஒரு பழைய சாரம் மாதிரி வெளிறின துணியை விரிச்சுவைச்சு, அதுக்கு முன்னாலை செத்தவீட்டிலை இருக்கிற மாதிரி இருந்தார். மாதாவின்ரை முகமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. குழம்புக் கறையை எடுக்கக்கூட ஜாவெல் விடாதேங்கோ எண்டு எத்தினை முறை சொல்லியிருப்பன். ஆனா அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாவும் இருந்தது. பதினெட்டு வருசம் இந்த ஊரிலை ஆரோ சொன்ன இடத்திலை ஆரோ சொன்ன மாதிரிக் கதிரை அடுக்கின மனுசன். அவரை நம்பி ஒப்படைச்ச ஒரே ஒரு சாமான் இந்தக் கொடிதான். ஞாயிற்றுக்கிழமை முழுப் பங்குக்கும் முன்னாலை, பழுதாப் போகும் எண்டு நான் அப்பவே சொன்னனான் எண்டு மாஸ்டர் சொல்லப்போறார். அந்த நினைப்பிலை அவர் அண்டைக்குச் சாப்பிடேல்லை.

சனிக்கிழமை விழா மண்டபம் அடுக்கப் போயிட்டு வந்தவர், கோட்டுக்குள்ளை இருந்து அந்த நிலையத்தின்ரை நீலக் கொடியை எடுத்தார். தலைக்கு மேலை வெள்ளம் போனாப் பிறகு சாண் என்ன முழம் என்ன எண்டார். ஏத்தின கொடியை இறக்கேலாதே, பின்னேரம் அவையளுக்கு என்ன செய்வியள் எண்டு கேட்டன். அதுக்கும் ஒரு திட்டம் வைச்சிருந்தார். கொடியேத்தம் முடிய சனம் நிலவறை மண்டபத்துக்குச் சாப்பிடப் போகும். அந்த நேரம் இதை இறக்கி வெளிறினதை ஏத்திப்போட்டு ஓடுறது. உயரத்திலை காத்துக்கு அடிபடேக்கை ஆருக்கு என்ன தெரியப்போகுது எண்டார். இது பூனை கண்ணை மூடின கதை எண்டு சொன்னன். நீர் பேசாமல் இரும் எண்டார்.

கொடியேத்தம் சொல்லி வேலையில்லை, அவ்வளவு வடிவு. உச்சியிலை விரிய, பூக் கொட்ட, சனம் பூவைப் பார்த்துதே தவிரக் கொடியைப் பார்க்கேல்லை. காத்துக்கு நீலம் பறக்கேக்கை, உண்மையைச் சொல்லுறன், எனக்கே கண் கலங்கினது. மனுசன் கடல்காரன் மகன், கயித்தைப் பேசாலை முடிச்சுப் போட்டு இறுக்கினார். மாஸ்டர் வந்து அதுக்கு மேலை தன்ரை முடிச்சும் ஒண்டு போட்டார்.

சனம் சாப்பிடப் போச்சு. இவர் வெளிறின துணியைச் சேட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு மெதுவா வெளியிலை வந்தா, கொடிமரத்துக்குக் கீழை ஒரு கதிரையைப் போட்டு, சோத்துக் கோப்பையும் கையுமா மாஸ்டர் இருக்கிறார். இவர் சுத்திச் சுத்தி வந்தார். மாஸ்டர் அவிச்ச முட்டையைச் சாப்பிட்டார். பாயாசம் குடிச்சார். கை கழுவக்கூட எழும்பேல்லை, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தண்ணி எடுப்பிச்சார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

கடைசியிலை வெறுங்கையோடை கம்பஸுக்குப் போனம். தனிய விட்டா மனுசன் என்ன செய்வாரோ எண்டு நானும் கூடப் போனனான். அவர் வேட்டியோடை, நான் காஞ்சிபுரத்தோடை. உள்ளுக்குப் போக முதலே சத்தம் கேட்டது. நான் சின்னப் பிள்ளையளைப் பகலிலை பாக்கிற கார்டெரி ஒண்டிலை சமைக்கிறனான், அதாலை நாலு வயசுப் பிள்ளையள் சண்டை பிடிக்கிற பிரெஞ்சு எனக்கு நல்லா விளங்கும். அங்கை நடந்ததும் அதேதான். கொடியை கிறகரி போன மாதம் தங்கட விருந்துக்கு இரவல் எடுத்தவர், திருப்பித் தரேல்லை எண்டு மடாம். தாங்கள் அப்பவே திருப்பித் தந்தாச்சு, அழைப்பிதழிலை தங்கட சின்னத்தைச் சின்னனாப் போட்ட மாதிரி இப்ப கொடியையும் ஒளிச்சு வைச்சிட்டு மடாம் தங்களிலை பழி போடுறா எண்டு கிறகரி. நீதான் எடுத்தனி, இல்லை நீதான். எங்கட கார்டெரியிலை எண்டா ரெண்டு பேரையும் ரெண்டு மூலையிலை இருத்தியிருப்பம்.

நடுவிலை அந்த பிரசல்ஸ் பெரியவர் கோப்பிக் கோப்பையோடை வெறும் கம்பைப் பார்த்துக்கொண்டு நிண்டார். கையெழுத்து வைக்கிற கடதாசி மேசையிலை கிடந்தது. கிறகரி தன்ரை பையைப் பூட்டி, உங்களோடை சேர்ந்து வேலை செய்யேலாது எண்டு வாசலுக்கு நடந்தார்.

மனுசன் என்னைப் பார்த்தார். வேண்டாம் எண்டு தலையை ஆட்டினன். வாய் திறந்தா வேலை போகும். திறக்காட்டி ஒருத்தருக்கும் தெரியப்போறேல்லை. அவர் வேட்டியைச் சரிப்பண்ணிக்கொண்டு, தான் அடுக்கின கதிரை வரிசைக்கு நடுவாலை போய் மடாமுக்கு முன்னாலை நிண்டார்.

"மடாம், கொடி மாதாவிட்டை இருக்கு. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான்" எண்டார். பிரெஞ்சிலைதான் சொன்னவர். அதைவிடக் கூடச் சொல்ல அவரிட்டைப் பிரெஞ்சு இல்லை.

மிச்சத்தை நான் சொல்லவேண்டி வந்தது. பூஞ்சணம், ஜாவெல், மாஸ்டர், பூ, முடிச்சு எல்லாம் சொன்னன். கார்டெரிப் பிரெஞ்சிலை அது பிள்ளையளுக்குக் கதை சொல்லுற மாதிரித்தான் வந்திருக்கும். பேந்து பெரியவர்தான், அந்தக் கோயில் தூரமோ எண்டு கேட்டார்.

கிறகரியின்ரை காரிலை போனம். பெரியவர் முன்னுக்கு, கையிலை அந்தக் கையெழுத்து வைக்கிற கடதாசி. பின்னுக்கு மடாம், நான், மனுசன், மூண்டு பேரின்ரை மடியிலையும் என்ரை சேலைத் தலைப்பு. வழி தெரியாமல் கிறகரி மலையைச் சுத்தப் பார்க்க, மடாம் இடது பக்கம் திரும்பச் சொல்ல, அவர் முதல்முறையா அவ சொன்னதைக் கேட்டார்.

நாங்கள் போய் இறங்கேக்கை பின்னேரச் செபமாலைச் சுத்து நடக்குது. முந்நூறு சனம் கையிலை மெழுகுதிரியோடை கொடிமரத்தைச் சுத்திப் பாடிக்கொண்டு வருது. மேலை அந்தக் கொடி. பெரியவர் தொப்பியைக் கழட்டிப்போட்டு நேராய் நிண்டார். அதைப் பார்த்து மடாமும் கிறகரியும் பக்கத்திலை பக்கத்திலை நிண்டினம். வெள்ளைக்காரர் வந்து மாதாவுக்கு மரியாதை செய்யினம் எண்டு எங்கட பொம்பிளையள் இன்னும் உரத்துப் பாடிச்சினம். தங்கட ஊரிலை இந்தக் கொடிக்குக் கீழை சனம் வந்து கூடினால் ஏதாவது பிழை பிடிக்கத்தான் கூடுவினம், பாடி ஒருநாளும் காணேல்லை எண்டு பெரியவர் என்னட்டைச் சொன்னார்.

ஆனா அங்கை கம்பஸ் மண்டபத்திலை விருந்தாளியள் வந்து சேருகிற நேரம். இனி இறக்கலாமோ எண்டு மடாம் மெதுவாக் கேட்டா. நான் மனுசனுக்குச் சொன்னன். அவர் போய்க் கயித்திலை கை வைச்சார். பாட்டு நிண்டுபோச்சு.

மாஸ்டர் வந்தார். "கையை எடும்," எண்டார். "ஏத்தின கொடி இறங்காது."

மனுசன் கையை எடுக்கேல்லை. முந்நூறு சனத்துக்கும் கேக்கத் தக்கதாச் சொன்னார். "மாஸ்டர், இது எங்கட கொடி இல்லை. இந்த ஆக்களின்ரை கொடி. எங்கட கொடியை நான் பழுதாக்கிப்போட்டன்." சேட்டுக்குள்ளை இருந்து அந்த வெளிறின துணியை எடுத்து ரெண்டு கையாலையும் நீட்டினார். எனக்கு மண்ணுக்குள்ளை போகலாம் போலை இருந்தது.

மாஸ்டர் அந்தத் துணியை வாங்கி வடிவாப் பார்த்தார். பேந்து மடிச்சுத் தன்ரை கக்கத்துக்குள்ளை வைச்சார்.

"கொடியிலை மாதா இல்லை எண்டு விரிஞ்ச உடனையே கண்டனான், நான் என்ன குருடனோ?" எண்டார். "நீர் பேந்து வந்து அவிழ்ப்பீர் எண்டும் தெரியும். அதுதான் சோத்துக் கோப்பையோடை காவல் இருந்தனான். திருநாள் குழம்பினா ஆருக்கு வெக்கம், உமக்கு மட்டுமோ?"

எங்கட மனுசன் அந்த இடத்திலையே அழுதார். நான் சொல்லாமல் விட்டாலும் முந்நூறு பேர் சாட்சி இருக்கினம்.

மாஸ்டர் பெரியவரிட்டைத் திரும்பித் தன்ரை பள்ளிக்கூட இங்கிலிஷிலை விளங்கப்படுத்தினார். இது ஏறியாச்சு. மழையெண்டாலும் சண்டையெண்டாலும் கடைசிநாள் மட்டும் நிக்கும். பிடிக்கேல்லை எண்டு நடுவிலை ஒருத்தர் வந்து அவிழ்க்கேலாது. அது எங்கட முறை. பெரியவர் அதைத் திருப்பி ஒருக்கால் சொல்லச் சொல்லிக் கேட்டார். பேந்து மடாமையும் கிறகரியையும் பார்த்தார். ரெண்டு பேரும் நிலத்தைப் பார்த்தினம்.

மடாம் போன் எடுத்து விருந்தாளியளையும் இஞ்சை வரச் சொல்ல, கையெழுத்து எங்கட கோயில் நிலவறை மண்டபத்திலை நடந்தது. அங்கை வட்டமும் இல்லை லாடமும் இல்லை, ஒரே ஒரு நீட்டு மேசை, அதிலை மிஞ்சின பருப்புச் சட்டி. மனுசன் சட்டியைத் தள்ளி வைச்சு ரெண்டு கதிரையைப் பக்கத்திலை பக்கத்திலை போட்டு, ரெண்டின்ரை காலையும் ஆட்டிப் பார்த்துப்போட்டு அவையளை இருக்கச் சொன்னார். ஒருத்தரும் இடத்தைப் பற்றிக் கதைக்கேல்லை. கடதாசியின்ரை மூலையிலை மஞ்சள் பட்டது. அது இப்பவும் மடாமின்ரை கந்தோரிலை கண்ணாடிச் சட்டத்துக்குள்ளை தொங்குது. வேலையும் போகேல்லை. திங்கக்கிழமை கம்பஸுக்குப் போன மனுசனிட்டை மடாம் கேட்ட ஒரே கேள்வி, அந்த முடிச்சை எப்பிடிப் போடுறது எண்டுதான்.

கடைசிநாள் பூசை முடிய மாஸ்டரும் மனுசனும் சேர்ந்து கொடியை இறக்கி, மடிச்சு, கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்தினம். எங்கட பழைய கொடியை மாஸ்டரே கன்னியாஸ்திரிமாரிட்டைக் கொண்டுபோய்த் திருப்பி நீலம் தோய்ப்பிச்சு, மாதாவைப் புதுசாத் தைப்பிச்சார்.

பேந்து சபைக் கூட்டம். கொடி ஆரிட்டை இருக்கிறது எண்ட கதை வந்தது. மனுசன் தலையைக் குனிஞ்சுகொண்டு கடைசி வரிசையிலை இருந்தார். மாஸ்டர் எழும்பினார். "கொடி எமிலியானுஸிட்டையே இருக்கட்டும்," எண்டார். "ஜாவெல் போத்திலை மட்டும் சிசிலி ஒளிச்சு வைக்கட்டும்."

அண்டைக்கு முதல் கை தூக்கினது நான்தான்.